‘நெட்வொர்க்’கைத் திறந்தால் எல்லா சிஸ்டமும் தெரிய: விண்டோஸ் 10, 11க்கான முழுமையான வழிகாட்டி

ஆறு சிஸ்டம் உள்ள ஒரு சின்ன அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். ஒரே ரவுட்டர், ஆறிலும் இணையம் வருகிறது. ஆனால் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் இடப்பக்கம் கீழே இருக்கும் ‘நெட்வொர்க்’கைச் சொடுக்கினால், ஒன்றில் நான்கு பெயர் தெரிகிறது, இன்னொன்றில் இரண்டு, பில் போடும் சிஸ்டத்தில் ஒன்றுகூட இல்லை. காலையில் தெரிந்தது மதியம் காணோம். ‘ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க’ என்பதே வழக்கமாகக் கிடைக்கும் மருந்து. அது சில நாள் பலிக்கும், சில நாள் பலிக்காது. இரண்டுக்கும் காரணம் இருக்கிறது.

ஒரு முன்குறிப்பு: கட்டளைகளையும் மெனுப் பெயர்களையும் இங்கே தமிழெழுத்தில் எழுதியிருக்கிறோம். சிஸ்டத்தில் அடிக்கும்போது அதே சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

தெரிவது வேறு, திறப்பது வேறு

இந்தச் சிக்கலில் நேரம் வீணாவது பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான். பட்டியலில் பெயர் தெரிவது ஒரு வேலை. அந்தப் பெயரைச் சொடுக்கி உள்ளே இருக்கும் ஃபோல்டரைத் திறப்பது முற்றிலும் வேறு வேலை. இரண்டுக்கும் தனித்தனி சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்), தனித்தனி போர்ட் (தகவல் வந்துபோகும் எண்ணிட்ட கதவு). பட்டியல் காலியாக இருக்கும்போதே ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கலாம்; பெயர் அழகாகத் தெரிந்துவிட்டு, சொடுக்கினால் பிழைச் செய்தியும் வரலாம்.

எனவே எதையும் மாற்றுவதற்கு முன் ஒரே ஒரு சோதனை. தெரியாத சிஸ்டத்தில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து ‘ஐபிகான்ஃபிக்’ என்று அடித்து, ஐபிவி4 முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 192.168.1.25 என்று வைத்துக்கொள்வோம். இப்போது மற்ற சிஸ்டத்துக்கு வந்து, விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, \\192.168.1.25 என்று கொடுங்கள்.

ஷேர் செய்த ஃபோல்டர்கள் வந்துவிட்டாலோ, பயனர்பெயரும் பாஸ்வேர்டும் கேட்டாலோ, அடிப்படை இணைப்பு நன்றாக இருக்கிறது. பழுது பட்டியலில் மட்டும். எதுவுமே வராமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு 80070035 என்று முடியும் பிழை எண் வந்தால், வழியிலேயே எங்கோ அடைப்பு. எண்ணுக்குப் பதில் பெயரையும் அதேபோல் கொடுத்துப் பாருங்கள். எண்ணில் திறந்து பெயரில் திறக்கவில்லை என்றால், பெயரை எண்ணாக மாற்றும் இடத்தில்தான் கோளாறு.

பட்டியல் எங்கிருந்து வருகிறது

பழைய விண்டோஸில் ‘கம்ப்யூட்டர் பிரவுசர்’ என்றொரு சர்வீஸ் இருந்தது. நெட்வொர்க்கில் உள்ள சிஸ்டம்களுக்குள் ஒரு தேர்தல் நடக்கும். ஜெயித்தது ‘மாஸ்டர் பிரவுசர்’ ஆகும். பட்டியல் அதனிடம் இருக்கும். மற்றவை 12 நிமிடத்துக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். மூன்று அறிவிப்பு தவறினால்தான் பெயர் நீக்கப்படும். துணைப் பட்டியல்கள் புதுப்பிக்க இன்னும் 15 நிமிடம். அதனால்தான் அணைத்துவிட்ட சிஸ்டத்தின் பெயர் 51 நிமிடம் வரைகூடப் பட்டியலில் கிடக்கும். இந்த ஏற்பாடு, ஃபைல்களைப் பகிர்வதற்கான எஸ்எம்பி நெறிமுறையின் பழைய வடிவமான எஸ்எம்பி1ஐ நம்பியிருந்தது.

2017 மே மாதம் வான்னாக்ரை (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வைரஸ்) தாக்கியது அந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான். அந்த ஓட்டைக்கான பேட்ச் அதே ஆண்டு மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். எஸ்எம்பி1ஐக் கைவிடும் திட்டம் மைக்ரோசாஃப்ட்டிடம் அதற்கு முன்பே இருந்தது. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாகப் போடும் விண்டோஸில் அது வருவதில்லை. அதோடு பிரவுசர் சர்வீஸும் போயிற்று. 2018இல் 1803 பதிப்பில், வீட்டு சிஸ்டங்களுக்குள் பகிர உதவிய ஹோம்குரூப் வசதியும் போயிற்று. ‘முன்பெல்லாம் தானாகவே தெரியுமே’ என்று சொல்பவர்கள் நினைவில் வைத்திருப்பது இந்தப் பழைய ஏற்பாட்டைத்தான்.

இப்போது அந்த வேலையைச் செய்வது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி. இதில் தேர்தலும் கிடையாது, பட்டியலை வைத்துக்கொள்ளும் தலைவனும் கிடையாது. நீங்கள் ‘நெட்வொர்க்’கைத் திறந்ததும் உங்கள் சிஸ்டம் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலரும் கேட்கும்) முகவரிக்கு, யுடிபி 3702 போர்ட்டில், ‘யாரெல்லாம் இருக்கிறீர்கள்?’ என்று குரல் கொடுக்கிறது. இருப்பவை உங்களுக்கு நேராகப் பதில் அனுப்புகின்றன. பிறகு உங்கள் சிஸ்டம் ஒவ்வொன்றிடமும் டிசிபி 5357 போர்ட்டில் போய், ‘உன் பெயர் என்ன, எந்த ஒர்க்குரூப் (சிஸ்டங்களின் குழுப் பெயர்)?’ என்று கேட்டு வாங்குகிறது. அந்தக் குரல் ரவுட்டரைத் தாண்டி வேறு சப்நெட்டுக்கு (வேறு முகவரி வரிசையில் உள்ள நெட்வொர்க்குக்கு) போகாது.

இதில் இரண்டு சர்வீஸுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்கிறது. தேடுவது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட்’. தன்னைக் காட்டிக்கொள்வது ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’. இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எந்த சிஸ்டத்தில் கை வைக்க வேண்டும் என்பது உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்துவிடும்:

• ஒரு சிஸ்டத்துக்கு மட்டும் யாருமே தெரியவில்லை, ஆனால் அது மற்றவர்களுக்குத் தெரிகிறது: அதன் தேடும் சர்வீஸ் ஓடவில்லை.
• ஒரு சிஸ்டம் மட்டும் எவருக்கும் தெரியவில்லை: அதன் காட்டும் சர்வீஸ் ஓடவில்லை, அல்லது அதன் ஃபயர்வால் மறைக்கிறது. இரண்டில் எது என்று அறிய, அந்த சிஸ்டத்திலேயே ‘நெட்வொர்க்’கைத் திறந்து அதன் சொந்தப் பெயர் வருகிறதா என்று பாருங்கள். தன் பெயரே தனக்குத் தெரியாவிட்டால் சர்வீஸ். தனக்குத் தெரிந்து பிறருக்குத் தெரியாவிட்டால் ஃபயர்வால்.
• கேபிளில் உள்ளவை ஒன்றையொன்று பார்க்கின்றன, வைஃபையில் உள்ளவை தனிக்கூட்டமாக இருக்கின்றன: சிஸ்டங்களை விட்டுவிடுங்கள், ரவுட்டரைப் பாருங்கள்.

முதலில் ரவுட்டர்

எல்லா சிஸ்டத்திலும் ஐபிகான்ஃபிக் கொடுத்து மூன்று எண்களை ஒரு தாளில் எழுதுங்கள்: ஐபி முகவரி, சப்நெட் மாஸ்க், டிஃபால்ட் கேட்வே. மாஸ்க் 255.255.255.0 என்றால் முகவரியின் முதல் மூன்று பகுதியும் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும், கேட்வேயும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சில சிஸ்டம் 192.168.1.x என்றும் சில 192.168.0.x என்றும் இருந்தால், உங்களிடம் இரண்டு ரவுட்டர் ஓடுகிறது. இணைய நிறுவனம் கொடுத்த ஃபைபர் மோடமே ஒரு ரவுட்டர்தான். அதில் நல்ல வைஃபை வேண்டுமென்று வாங்கிய இன்னொரு ரவுட்டரை, அதன் ‘வான்’ துளை வழியாகச் செருகியிருப்பார்கள். இணையம் இரண்டிலும் வரும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. தீர்வு: இரண்டாவது ரவுட்டரை அதன் அமைப்புப் பக்கத்தில் ‘ஆக்சஸ் பாயிண்ட் மோடு’க்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத ரவுட்டர் என்றால், அதில் டிஹெச்சிபியை (சிஸ்டங்களுக்கு முகவரி வழங்கும் வசதியை) நிறுத்தி, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையிலேயே யாருக்கும் கொடுக்காத ஒன்றாக மாற்றி, கேபிளை வான் துளையிலிருந்து எடுத்து ‘லேன்’ துளை ஒன்றில் செருகுங்கள். இரண்டு ரவுட்டருக்கும் ஒரே முகவரி அமைந்துவிட்டால் இரண்டும் மோதி எல்லோருக்கும் இணையம் போய்விடும்.

169.254 என்று தொடங்கும் முகவரி வந்தால் அந்த சிஸ்டத்துக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை. கேபிளையும் சுவிட்சையும் பாருங்கள். 192.168.56 என்று ஒரு வரிசை தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது பெரும்பாலும் விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கிய போலி கார்டு.

முகவரி எல்லாம் சரியாக இருந்தும் வைஃபை சிஸ்டங்கள் மட்டும் தனித்து நின்றால் இரண்டு சந்தேகம். ஒன்று, அவை ‘கெஸ்ட்’ வைஃபையில் இருக்கலாம். அந்த வசதியே உள்ளே இருப்பவற்றை மறைப்பதற்குத்தான். இரண்டு, ரவுட்டரில் ‘ஏபி ஐசோலேஷன்’ அல்லது ‘கிளையன்ட் ஐசோலேஷன்’ போடப்பட்டிருக்கலாம். அதை எடுத்துவிடுங்கள். விபிஎன் ஓடும் சிஸ்டத்தில் சோதனை முடியும்வரை விபிஎன்னை நிறுத்துங்கள். பல விபிஎன் மென்பொருள்களில் உள்ளூர் நெட்வொர்க்கை அனுமதிக்கும் ஒரு டிக் தனியாக இருக்கும், இயல்பாக அது எடுக்கப்பட்டிருக்கும்.

ஒவ்வொரு சிஸ்டத்திலும் செய்ய வேண்டியவை

இந்த நான்கும் வரிசைப்படி. ஒன்றை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனால் பலன் இருக்காது.

1. நெட்வொர்க்கைப் ‘பிரைவேட்’ ஆக்குங்கள். செட்டிங்ஸ், ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’, பிறகு கேபிளாக இருந்தால் ‘ஈதர்நெட்’, வைஃபையாக இருந்தால் அந்த வைஃபையின் ‘பிராபர்ட்டீஸ்’. அங்கே ‘பப்ளிக்’ என்பதற்குப் பக்கத்தில் ‘பரிந்துரைக்கப்படுவது’ என்று விண்டோஸே எழுதி வைத்திருக்கும். நம் வீடு, நம் அலுவலகம் என்றால் அதைப் பொருட்படுத்தாமல் பிரைவேட்டைத் தேர்ந்தெடுங்கள். விடுதி, கல்லூரி, காபிக் கடை வைஃபையில் இதைச் செய்யவே கூடாது. புது ரவுட்டர் மாற்றினால் விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க்காகக் கருதி மறுபடி பப்ளிக்கில் போட்டுவிடும். ‘ரவுட்டர் மாத்தினதுலேர்ந்து ஷேரிங் போச்சு’ என்ற புகாருக்குப் பாதிக் காரணம் இதுதான்.

2. டிஸ்கவரியைத் திறந்துவிடுங்கள். விண்டோஸ் 11இல் அதே ‘நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்’ பக்கத்தின் கீழே ‘அட்வான்ஸ்டு நெட்வொர்க் செட்டிங்ஸ்’, அதற்குள் ‘அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்’. விண்டோஸ் 10இல் கன்ட்ரோல் பேனலின் ‘நெட்வொர்க் அண்ட் ஷேரிங் சென்டர்’ வழியாக. பிரைவேட் பகுதியில் ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

ஆன் செய்து சேமித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் அது தானாக ஆஃப் ஆகியிருக்கிறதா? விண்டோஸ் உங்களை ஏமாற்றவில்லை. அதற்குத் துணையாக ஓட வேண்டிய சர்வீஸ் ஏதோ ஒன்று நிறுத்தப்பட்டிருக்கிறது. அடுத்த படி அதற்குத்தான்.

3. சர்வீஸ்களைச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் விசையோடு ஆர், பிறகு ‘சர்வீசஸ்.எம்எஸ்சி’. வரும் நீளமான பட்டியலில் ஐந்து பெயர்களைத் தேடுங்கள்: டிஎன்எஸ் கிளையன்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி புரொவைடர் ஹோஸ்ட், ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன், எஸ்எஸ்டிபி டிஸ்கவரி, யுபிஎன்பி டிவைஸ் ஹோஸ்ட். எதுவும் ‘டிஸேபிள்டு’ என்று இருக்கக் கூடாது. சிஸ்டத்தை வேகமாக்குகிறோம் என்று சொல்லும் மென்பொருள்களும் ஸ்கிரிப்ட்களும் முதலில் முடக்குவது இவற்றைத்தான்.

ஃபங்ஷன் டிஸ்கவரி என்று தொடங்கும் இரண்டையும் இருமுறை சொடுக்கி, ‘ஸ்டார்ட்டப் டைப்’பை ‘ஆட்டோமேட்டிக் (டிலேய்டு ஸ்டார்ட்)’ ஆக்கி, ‘ஸ்டார்ட்’ கொடுங்கள். இவை இயல்பில் ‘மேனுவல்’ என்று இருக்கும்; தேவைப்படும்போது எழுந்துகொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சில சிஸ்டத்தில் எழுவதில்லை. ரீஸ்டார்ட் செய்தால் ஒரு நாள் வருவதும் மறுநாள் வராததும் இந்த மேனுவலின் விளையாட்டு. வெறும் ஆட்டோமேட்டிக்கை விட டிலேய்டு நல்லது: வைஃபை இணைந்து முகவரி கிடைப்பதற்கு முன்பே சர்வீஸ் எழுந்துவிட்டால் அதன் முதல் அறிவிப்பு வெட்டவெளியில் போய்விடும்.

4. ஃபயர்வால். விண்டோஸ் டிஃபெண்டர் மட்டுமே இருந்தால், இரண்டாம் படியில் ஆன் செய்தபோதே தேவையான கதவுகள் திறந்திருக்கும். சந்தேகமிருந்தால் ஃபயர்வாலின் ‘அலோ அன் ஆப்’ பக்கத்தில் நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங் இரண்டுக்கும் பிரைவேட் நெடுவரிசையில் டிக் இருக்கிறதா பாருங்கள். பப்ளிக் நெடுவரிசையில் வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதற்கென்று தனி ஃபயர்வால் இருக்கும். விண்டோஸில் என்ன மாற்றினாலும் அது கண்டுகொள்ளாது. அதற்குள் போய் இந்த நெட்வொர்க்கை ‘ஹோம்’ அல்லது ‘டிரஸ்டட்’ என்று குறிக்க வேண்டும்.

நான்கும் முடிந்ததும் இரண்டு நிமிடம் பொறுத்து, நெட்வொர்க் பக்கத்தில் எஃப்5 அழுத்துங்கள். உடனே வரவில்லை என்று பொறுமையிழந்து வேறெதையாவது மாற்றப் போகாதீர்கள்.

ஒர்க்குரூப் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று இன்னமும் சொல்லிக்கொடுக்கிறார்கள். இன்றைய முறையில் அது வேறாக இருந்தாலும் சிஸ்டம் தெரியும். ஆனால் கணினியின் பெயர் முக்கியம். ஒரே பெயரில் இரண்டு இருக்கக் கூடாது. 15 எழுத்துக்குள் இருக்கட்டும், இடைவெளி வேண்டாம். விண்டோஸ் தானாக வைக்கும் புரியாத எழுத்துக் கோவையை விட்டுவிட்டு ‘பில்லிங்’, ‘கணக்கு’, ‘முன்மேசை’ போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் வைத்தால் பட்டியலைப் பார்த்ததும் புரியும்.

பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும்

நெட்வொர்க் பக்கத்தை ‘டீடெய்ல்ஸ்’ காட்சிக்கு மாற்றி, நெடுவரிசைத் தலைப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து, ‘டிஸ்கவரி மெதட்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரும் எந்த வழியாகத் தெரிந்தது என்று அது சொல்லும். டபிள்யூஎஸ்டி என்றிருந்தால் நாம் மேலே பார்த்த புது வழி. நெட்பயாஸ் என்றிருந்தால் பழைய வழி. அந்த சிஸ்டம் இன்று தெரிந்து நாளை மறையக்கூடியது. எஸ்எஸ்டிபி என்றிருந்தால் டிவி, ரவுட்டர், மீடியா சர்வர் வகை.

கடைசி வகையில் ஒரு கண்கட்டு இருக்கிறது. ஒரு சிஸ்டத்தில் மீடியா ஷேரிங் ஆன் ஆகியிருந்தால், ‘மீடியா டிவைசஸ்’ என்ற தலைப்பின் கீழ் அதன் பெயர் தெரியும். அதைச் சொடுக்கினால் ஃபோல்டர் வராது, மீடியா பிளேயர் திறக்கும். பெயர்தான் தெரிகிறதே என்று நினைத்துவிடாதீர்கள். ‘கம்ப்யூட்டர்’ என்ற தலைப்பின் கீழ் வந்தால்தான் கணக்கு.

எஸ்எம்பி1ஐ ஆன் செய்யச் சொல்லும் அறிவுரை

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் ‘தீர்வு’, விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பகுதிக்குப் போய் எஸ்எம்பி 1.0க்கு டிக் போடுங்கள் என்பதுதான். செய்தால் பழைய முறைப் பட்டியல் ஓரளவு திரும்பலாம். கூடவே வான்னாக்ரை நுழைந்த அதே பழைய நெறிமுறையும் உங்கள் சிஸ்டத்தில் ஓடத் தொடங்கும். விண்டோஸ் 10, 11 மட்டும் இருக்கும் இடத்தில் அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

உண்மையில் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு: பழைய ஜெராக்ஸ் மெஷின். ஸ்கேன் செய்ததை நேராக சிஸ்டத்தின் ஃபோல்டரில் போடும் பழைய மாடல்களில் பலவற்றுக்கு எஸ்எம்பி1 தவிர வேறெதுவும் தெரியாது. முதலில் மெஷினின் ஃபர்ம்வேரைப் புதுப்பித்துப் பாருங்கள். இல்லையென்றால் மெயிலுக்கு அனுப்பும் வசதி, எஃப்டிபி, பென்டிரைவ் ஆகியவற்றில் ஒன்றுக்கு மாறுங்கள். வேறு வழியே இல்லாவிட்டால், அந்த டிக்கை விரித்தால் உள்ளே கிளையன்ட், சர்வர் என்று தனித்தனியாக இருக்கும். மெஷின் உங்கள் சிஸ்டத்துக்குள் எழுத வேண்டும் என்றால் சர்வர் மட்டும். நீங்கள் பழைய என்ஏஎஸ் பெட்டியை (நெட்வொர்க்கில் மாட்டும் சேமிப்புப் பெட்டி) திறக்க வேண்டும் என்றால் கிளையன்ட் மட்டும். முக்கியமான கணக்கு எதுவும் இல்லாத ஒரே ஒரு சிஸ்டத்தில் போடுங்கள்.

பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை

இது இரண்டாவது பாதி. முதலில், ஷேர் செய்த ஃபோல்டர் இருக்க வேண்டும்: ஃபோல்டரில் வலச்சொடுக்கு, ‘பிராபர்ட்டீஸ்’, ‘ஷேரிங்’, ‘அட்வான்ஸ்டு ஷேரிங்’. அனுமதி இரண்டு இடத்தில் கொடுக்க வேண்டும்: ஷேரிங் பக்கத்தில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது இறுக்கமானதோ அதுவே செல்லும். ஷேரிங்கில் முழு அனுமதி கொடுத்துவிட்டு ‘எழுத முடியவில்லையே’ என்று தவிப்பவர்கள் செக்யூரிட்டி பக்கத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள்.

பல கடைகளிலும் அலுவலகங்களிலும் சுலபமாக இருக்கட்டும் என்று ‘பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்’கை ஆஃப் செய்து வைத்திருப்பார்கள். பல ஆண்டுகள் அது ஓடியது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு வந்ததும் நின்றுவிட்டது. காரணம் இது: அந்த ஏற்பாட்டில் வருகிறவர் ‘கெஸ்ட்’ ஆக, பாஸ்வேர்டு இல்லாமல் நுழைகிறார். 24எச்2 புரோ பதிப்பிலிருந்து ஒவ்வொரு எஸ்எம்பி பொட்டலத்திலும் கையொப்பம் கட்டாயம். கையொப்பத்துக்கான சாவி பாஸ்வேர்டிலிருந்துதான் பிறக்கிறது. பாஸ்வேர்டே இல்லாத கெஸ்ட் எதை வைத்துக் கையொப்பம் இடுவார்? இதோடு கெஸ்ட் நுழைவையே அந்தப் பதிப்பு இயல்பாகத் தடுக்கிறது. அதனால் ‘உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது’ என்று செய்தி வரும், நிறுவனமே இல்லாத வீட்டு சிஸ்டத்திலும். கொள்கையைத் தளர்த்தும் வழிகள் உண்டு, வேண்டாம். கீழே உள்ளது ஐந்து நிமிட வேலை.

ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தில், ‘செட்டிங்ஸ்’, ‘அக்கவுன்ட்ஸ்’, ‘அதர் யூசர்ஸ்’, ‘ஆட் அக்கவுன்ட்’. மைக்ரோசாஃப்ட் மெயில் கேட்கும்போது ‘இவருடைய விவரம் என்னிடம் இல்லை’ என்ற வரியையும், அடுத்து ‘மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத பயனரைச் சேர்’ என்ற வரியையும் சொடுக்குங்கள். ‘ஷேர்’ என்பதுபோல் ஒரு பெயர், ஒரு நல்ல பாஸ்வேர்டு. அந்தப் பயனருக்கு ஃபோல்டரின் இரண்டு பக்கத்திலும் அனுமதி கொடுங்கள். பாஸ்வேர்ட் புரொடெக்டட் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். மற்ற சிஸ்டத்தில் கேட்கும்போது பயனர்பெயர் இடத்தில் ‘பில்லிங்\ஷேர்’ என்று கணினிப் பெயரையும் சேர்த்து அடித்து, ‘நினைவில் வை’ என்பதற்கு டிக் போடுங்கள். அவ்வளவுதான், இனி அந்த சிஸ்டம் கேட்காது.

தினமும் பின் நம்பர் போட்டு நுழைபவர்கள் அதே பின்னை இங்கே அடித்துப் பார்ப்பார்கள். பின் நம்பர் அந்த ஒரு சிஸ்டத்தோடு சரி, நெட்வொர்க் வழியே செல்லாது. பாஸ்வேர்டே வைக்காத கணக்கும் செல்லாது. காலி பாஸ்வேர்டை எதிரில் உட்கார்ந்து நுழைபவருக்கு மட்டுமே விண்டோஸ் ஏற்கும். பாஸ்வேர்டு மாற்றிய பிறகு நுழைய முடியாவிட்டால், கன்ட்ரோல் பேனலில் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’, ‘விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்’ பகுதியில் அந்த சிஸ்டத்தின் பழைய பதிவை நீக்குங்கள்.

பாஸ்வேர்டு சரி, பயனர் சரி, ஆனாலும் மறுக்கிறது, எல்லா சிஸ்டமும் ஒரே ஹார்டு டிஸ்க் நகலிலிருந்து குளோன் செய்தவை என்றால் வேறொரு காரணத்தைச் சந்தேகியுங்கள். குளோனில் சிஸ்டத்தின் உள் அடையாளமான எஸ்ஐடியும் அப்படியே நகலாகிவிடும். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த அப்டேட்டுகளுக்குப் பிறகு, 24எச்2வும் 25எச்2வும் ஒரே எஸ்ஐடி உள்ள இரண்டு சிஸ்டம் பேசிக்கொள்வதை மறுக்கின்றன. குளோன் எடுப்பதற்கு முன் ‘சிஸ்பிரெப்’ ஓட்டியிருக்க வேண்டும். ஓட்டாமல் விட்டிருந்தால் முறையாக மறுபடி விண்டோஸ் போடுவதுதான் நிரந்தர வழி.

இன்னொரு வரம்பு: சாதாரண விண்டோஸ் ஒரே நேரத்தில் 20 இணைப்பு வரைதான் ஏற்கும். அதற்கு மேல் ஆட்கள் என்றால் என்ஏஎஸ் அல்லது சர்வர் வாங்கும் நேரம் வந்துவிட்டது.

லினக்ஸ், மேக், என்ஏஎஸ்

உபுண்டு லினக்ஸில் சாம்பா (விண்டோஸோடு ஃபைல் பகிர உதவும் மென்பொருள்) போட்டுவிட்டு, விண்டோஸ் பட்டியலில் வரவில்லையே என்று பார்ப்பவர்கள் அதிகம். சாம்பா பழைய நெட்பயாஸ் வழியில்தான் தன்னை அறிவிக்கும். டபிள்யூஎஸ்-டிஸ்கவரி அதற்குத் தெரியாது. ‘டபிள்யூஎஸ்டிடி’ என்ற சின்ன நிரலைத் தனியாக நிறுவி ஓடவிட்டால் விண்டோஸ் பட்டியலில் பெயர் வந்துவிடும். யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ஓடினால் யுடிபி 3702, டிசிபி 5357, டிசிபி 445 மூன்றையும் திறக்க வேண்டும். லினக்ஸ் பாஸ்வேர்டை சாம்பா எடுத்துக்கொள்ளாது. ‘எஸ்எம்பிபாஸ்வேர்ட்’ கட்டளையை -ஏ என்ற சுவிட்சோடு ஓட்டி அந்தப் பயனரைத் தனியாகச் சேர்க்க வேண்டும். (ஆங்கிலத்தில் அந்தக் கட்டளையின் கடைசிப் பகுதியை யூனிக்ஸ் வழக்கப்படி ‘ஓ’, ‘ஆர்’ இல்லாமல் சுருக்கி எழுதுவார்கள்.)

மேக்கில் ‘சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’, ‘ஷேரிங்’, ‘ஃபைல் ஷேரிங்’. அதன் ‘ஆப்ஷன்ஸ்’ உள்ளே விண்டோஸுக்கென்று ஒரு சிறு பகுதி இருக்கும்; அங்கே பயனருக்கு டிக் போடாவிட்டால் விண்டோஸிலிருந்து பாஸ்வேர்டு ஏற்காது. மேக்கிலிருந்து விண்டோஸுக்குப் போக, ஃபைண்டரில் கமாண்ட் விசையோடு கே அழுத்தி, எஸ்எம்பி:// என்று தொடங்கி முகவரியைக் கொடுங்கள். பட்டியலுக்காகக் காத்திருப்பதை விட அது வேகம். என்ஏஎஸ் பெட்டிகளில் ஃபைல் சர்வீஸ் பகுதியில் டபிள்யூஎஸ்-டிஸ்கவரிக்கு ஒரு டிக் இருக்கும், தேடிப் போடுங்கள்.

யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் தெரிய வேண்டுமென்றால்

ஷேரிங் வேண்டாம், நெட்வொர்க்கில் என்னென்ன கருவி இருக்கிறது என்று மட்டும் பார்க்க, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் உள்ள ‘கனெக்டட் டிவைசஸ்’ பட்டியலே போதும். விண்டோஸின் நெட்வொர்க் பக்கம் அதற்கு ஆனதல்ல; செல்போனும் கேமராவும் அதில் பெரும்பாலும் வராது.

பிங் செய்து பதில் வரவில்லை என்றால் சிஸ்டம் அணைந்திருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கை மறைக்கக்கூடும். பிங் கொடுத்த கையோடு ‘ஏஆர்பி -ஏ’ என்று அடியுங்கள். அந்த முகவரிக்கு எதிரே 12 எழுத்து-எண் கொண்ட மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்; ஆப்பிள் மேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை) வந்தால் சிஸ்டம் உயிரோடு இருக்கிறது, வாயைத்தான் மூடியிருக்கிறது. ஃபோல்டர் வழி திறந்திருக்கிறதா என்று பார்க்க பவர்ஷெல்லில் ‘டெஸ்ட்-நெட்கனெக்ஷன் 192.168.1.25 -போர்ட் 445’. கடைசி வரியில் ‘ட்ரூ’ வந்தால் ஃபயர்வால் பிரச்சினை இல்லை, அனுமதியைப் பாருங்கள். பழைய ஆட்கள் பயன்படுத்தும் ‘நெட் வியூ’ கட்டளை இப்போது 6118 என்ற பிழையைத்தான் தரும்; அது போய்விட்ட பிரவுசர் சர்வீஸைக் கேட்கிறது. ஆனால் சிஸ்டத்தின் பெயரோடு சேர்த்து ‘நெட் வியூ \\பில்லிங்’ என்று கொடுத்தால் அதில் உள்ள ஷேர்களைக் காட்டும்.

தினசரி வேலைக்குப் பட்டியலை நம்ப வேண்டாம்

பட்டியல் என்பது புது சிஸ்டத்தைக் கண்டுபிடிக்க. தினமும் திறக்கும் ஃபோல்டருக்கு அது தேவையே இல்லை. ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ பகுதிக்குப் போய், ஃபோல்டர் இருக்கும் சிஸ்டத்தின் மேக் முகவரிக்கு ஒரு ஐபியை ஒதுக்கிவிடுங்கள். பிறகு மற்ற சிஸ்டங்களில் ‘திஸ் பிசி’யைத் திறந்து, மேலே (விண்டோஸ் 11இல் மூன்று புள்ளி மெனுவில்) ‘மேப் நெட்வொர்க் டிரைவ்’. ஒரு எழுத்து, பிறகு \\192.168.1.25\கணக்கு என்பதுபோல் பாதை, ‘ரீகனெக்ட் அட் சைன்-இன்’ டிக். ஒரே சிஸ்டத்துக்குப் பெயரில் ஒரு டிரைவ், எண்ணில் ஒரு டிரைவ் என்று கலக்க வேண்டாம். விண்டோஸ் அவற்றை இரண்டு வேறு சர்வராக எண்ணி இருமுறை பாஸ்வேர்டு கேட்கும்.

காலையில் திறக்கும்போது டிரைவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால், வைஃபை இணைவதற்குள் விண்டோஸ் அவசரப்பட்டுத் தேடிவிட்டது என்று பொருள். ஒருமுறை சொடுக்கினால் வந்துவிடும். சொடுக்கியும் வராவிட்டால் ஃபோல்டர் இருக்கும் சிஸ்டம் தூங்கியிருக்கும். அந்த ஒரு சிஸ்டத்தில் மட்டும் ‘பவர்’ அமைப்பில் ‘ஸ்லீப்’பை ‘நெவர்’ ஆக்குங்கள். திரை அணைவது அணையட்டும்.